வெள்ளை வெளேர் என்று இருக்கத் தேவையில்லை, சுத்தமாக இருந்தால் போதும்



எங்கள் ஊர்களில் உடுப்புகள் உடுத்துக் கிழிவதைவிடக் கழுவிக் கிழிவதுதான் அதிகம். கேட்கப் பகிடியாக இருக்கலாம். ஆனால் தினமும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது கண்ணால் பார்க்கும் விஷயம். விளையாடித் தேய வேண்டிய முழங்கையும் முழங்காலும் நன்றாக இருக்கும். கொலர் மட்டும் நார் நாராகப் போயிருக்கும். அக்குள் பக்கம் மஞ்சளாகி விறைத்திருக்கும். துணி மெலிந்து, அடுத்த பக்கம் தெரியும். இதெல்லாம் பிள்ளை ஓடி விளையாடியதால் வந்ததல்ல. பிளீச்சும் பிரஷ்ஷும் செய்த வேலை.

ஏன் இவ்வளவு பிளீச்? "வெள்ளை" வேண்டும் என்பதற்காக. எங்கள் பிள்ளைகளின் சேட் வெள்ளை, பர்தா வெள்ளை, பெரிய வகுப்பு ஆண்பிள்ளைகளின் கழிசானும் வெள்ளை. காலைக் கூட்டத்தில் மாணவத் தலைவர்கள் வரிசையாகப் பார்த்து வருவார்கள். கொஞ்சம் மஞ்சளித்த சேட்டோடு வந்த பிள்ளையைப் புறம்பாக நிறுத்துகிற வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. (எந்த ஒரு பாடசாலையையும் சுட்டிச் சொல்லவில்லை.) அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் உம்மாவிடம் அழும். உம்மா அடுத்த நாள் இரண்டு மடங்கு பிளீச் ஊற்றுவார். மூன்று மாதத்தில் சேட் முடிந்துவிடும். இன்னொரு சேட் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை, ஏதாவது ஒரு காரணம் சொல்லிப் பாடசாலைக்கு வராமல் நிற்கும்.

அரசாங்கம் சீருடைத் துணி தருகிறது, உண்மை. 2025ஆம் ஆண்டுக்கான துணி முழுவதும் சீனாவின் நன்கொடையாக வந்தது. ஆனால் துணி இலவசமாக வந்தாலும் தையல் கூலியும், மாற்றிப் போட இன்னொரு சோடியும் வீட்டுச் செலவுதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனபோது எல்லாப் பொருட்களின் விலையும் ஏறியது. அன்றாடக் கூலிக்குப் போகும் வீடுகள் அந்த அடியிலிருந்து இன்னும் முழுதாக எழும்பவில்லை. அப்படியான வீட்டில் ஒரு சேட் ஆறு மாதம் கூடுதலாக உழைப்பது சின்ன விஷயமல்ல.

மார்க்கம் எங்களிடம் கேட்பது தூய்மையை. சூரா அல்முத்தஸ்ஸிரின் ஆரம்ப வசனங்களிலேயே ஆடையைத் தூய்மையாக்கும் கட்டளை வருகிறது. தொழுகைக்கு ஆடை நஜீஸ் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் போதும். மங்கிய வெள்ளைச் சேட்டிலும் தொழுகை கூடும். அல்லாஹ் ஏற்றுக்கொள்கிற உடுப்பை நாங்கள் பாடசாலை வாசலில் ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்றால் அது என்ன நியாயம்?

சரி, உடுப்பு நீண்ட நாள் உழைக்க என்ன செய்யலாம்? எங்கள் கரையோர ஊர்களின் தண்ணீருக்கும் வெயிலுக்கும் பொருந்துகிற விஷயங்களை மட்டும் சொல்கிறோம்.

1. முதலில் தண்ணீரைப் பாருங்கள்.
எங்கள் பக்கம் பல வீடுகளில் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம். அள்ளும்போது தெளிவாக இருக்கும். வாளியில் ஓர் இரவு வைத்தால் அடியில் செம்மஞ்சளாகப் படியும். இந்தத் தண்ணீரில் பிளீச் ஊற்றினால், கரைந்திருக்கும் இரும்பு உடனே துருவாக மாறித் துணியில் ஒட்டிக்கொள்ளும். "எவ்வளவு பிளீச் போட்டாலும் மஞ்சள் போகுதில்ல" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அந்த மஞ்சளைக் கொண்டு வருவதே பிளீச்தான். முதல் நாள் இரவே தண்ணீரை எடுத்து வையுங்கள். காலையில் அடியைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடுத்து வெள்ளை உடுப்பைக் கழுவுங்கள். ஏற்கனவே துரு மஞ்சள் பிடித்த இடத்தில் தேசிக்காய்ச் சாறும் கொஞ்சம் உப்பும் தடவி, ஒரு மணித்தியாலம் வெயிலில் வைத்து நன்றாக அலசுங்கள்.

கவனம்: பிளீச்சோடு தேசிக்காய், வினாகிரி எதையும் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும். அது நெஞ்சுக்குள் போனால் ஆபத்து.

2. பிளீச்சைக் கடைசி மருந்தாக வையுங்கள்.
பிளீச் அழுக்கை மட்டும் தின்பதில்லை, பருத்தி நூலையும் தின்னும். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த சேட்டில் பருத்தி கரைந்து போக, பொலியெஸ்டர் மட்டும் சல்லடை போல மிஞ்சும். இலாஸ்டிக் உள்ள உடுப்புக்குப் பிளீச் இன்னும் மோசம். வெள்ளைப் பருத்தித் துணிக்கு வெயிலே நல்ல பிளீச். அதுவும் போதாவிட்டால் கடைசி அலசலில் ஒரு துளி நீலம் போடுங்கள். நீலம் அழுக்கை எடுக்காது, ஆனால் மஞ்சளை மறைத்துக் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டும். துணிக்குச் சேதமில்லை.

3. சவர்க்காரத்தைக் குறையுங்கள், ஊறும் நேரத்தையும் குறையுங்கள்.
கடற்கரைப் பக்கக் கிணறுகளில் தண்ணீர் சவராக இருக்கும். நுரை வராது. நுரை வரவில்லை என்று இன்னும் இன்னும் சவர்க்காரம் பூசுவோம். கட்டிச் சவர்க்காரம் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து பிசினாகித் துணியில் தங்கும். வெள்ளை சாம்பலாவதும், கறுப்பில் வெள்ளைக் கோடு விழுவதும் அதனால்தான். அப்படியான தண்ணீருக்குச் சலவைத் தூளே பொருத்தம். பைக்கற்றில் சொன்ன அளவு போதும். அரை மணித்தியாலம் ஊறினால் அழுக்கு இளகிவிடும். இரவு முழுக்க ஊற வைத்தால் நாற்றமும், ஒன்றின் சாயம் மற்றதில் ஏறுவதும்தான் மிச்சம். கொலருக்கும் கைமடிப்புக்கும் பிரஷ் வேண்டாம். சவர்க்காரம் தடவி இருபது நிமிடம் விட்டு, துணியோடு துணி வைத்துக் கசக்கினால் போதும்.

4. கறைக்கு உடனே மருந்து.
இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை அப்படியே இறுகிவிடும். பேனை மைக்கு சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, அடியில் ஒரு பழைய துணி வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கறி மஞ்சள் பட்ட இடத்தில் சவர்க்காரம் போட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். மஞ்சள் காரத்தில் சிவப்பாக மாறும் என்று விஞ்ஞான பாடத்தில் பிள்ளைகள் படிப்பது இதைத்தான். நன்றாக அலசி வெயிலில் போடுங்கள், மஞ்சளின் நிறத்தை வெயிலே எடுத்துவிடும். வாழைக் கயர் மட்டும் பிடித்தால் போகாது. அந்த வேலைக்குப் பழைய உடுப்பைப் போடுங்கள்.

5. அபாயாவும் சாரனும்.
அபாயா பெரும்பாலும் நிதா, கிரேப் போன்ற பொலியெஸ்டர் துணிகள். இவை கெடுவது அதிகமும் அயன் சூட்டால். சூடு கூடினால் கறுப்பில் ஒரு மினுக்கம் ஏறும், பிறகு அது போகவே போகாது. உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கழுவுங்கள், முறுக்கிப் பிழியாமல் தண்ணீர் வடிய விடுங்கள், நிழலில் காய வையுங்கள், மேலே ஒரு துணி போட்டுக் குறைந்த சூட்டில் அயன் பண்ணுங்கள். கல், மணி வைத்த அபாயாவை மெஷினில் போடவே வேண்டாம்.

மருதமுனைக் கைத்தறிச் சாரனை முதல் இரண்டு மூன்று தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். சாயம் தோய்க்கும் இடத்தில்தான் உப்புக்கு வேலை இருக்கிறது. வீட்டு வாளியில் அது சாயத்தைப் பிடித்து வைக்காது. எங்கள் ஊர்த் தறியில் ஒருவர் உட்கார்ந்து நெய்த உடுப்பு அது. பத்து மாதத்தில் வெளிற விடுவது அந்த உழைப்புக்கும் மரியாதையில்லை.

6. கழுத்தில் தைத்திருக்கும் சின்னத் துண்டை வெட்ட வேண்டாம்.
கட்டுநாயக்கவில் 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலத்திலிருந்து, உலகத்துக்குப் போகும் உடுப்புகளில் அந்தத் துண்டைத் தைக்கிறவர்கள் எங்கள் நாட்டுப் பெண்கள். அதை வாசிக்க நாங்களும் பழக வேண்டும். தண்ணீர்த் தொட்டி என்றால் கழுவுதல். அதில் கை இருந்தால் கையால் மட்டும். முக்கோணத்தின் மேல் குறுக்குக் கோடு என்றால் பிளீச் கூடாது. அயன் படத்தில் ஒரு புள்ளி குறைந்த சூடு, இரண்டு புள்ளி நடுத்தரச் சூடு, மூன்று புள்ளி கூடிய சூடு.

7. மாரி காலம்.
அரைகுறையாகக் காய்ந்த உடுப்பை அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் நிச்சயம். மழை நாட்களில் வீட்டுக்குள் கொடி கட்டி, ஃபேன் காற்றில் முழுதாகக் காய விடுங்கள். கைக்குழந்தையின் உடுப்போடு பூச்சி உருண்டை வைக்க வேண்டாம். அதிலுள்ள நெப்தலீன் சில பிள்ளைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

இனி, இதையெல்லாம் யார் செய்வது?

இதுவரை வாசித்த பல வாப்பாமார், காக்காமார் "இது பொம்பிளைகளுக்கான பதிவு" என்று நினைத்திருப்பீர்கள். ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் வீட்டில் தமது ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த செய்தியை மிம்பரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் பத்தாம் வகுப்புப் பையனின் சேட்டை இன்னும் உம்மாதான் கழுவுகிறார். மனைப் பொருளியல் பாடத்தை எடுப்பவர்களும் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். பொத்தான் தைக்கத் தெரியாத ஆண்பிள்ளை நாளைக்குப் பல்கலைக்கழக விடுதியிலோ வெளிநாட்டு அறையிலோ என்ன செய்வான்? ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை, ஆணோ பெண்ணோ, தன் சீருடையைத் தானே கழுவப் பழகட்டும். தானே கழுவுகிற பிள்ளை சேட்டில் மை துடைக்காது. இது எங்கள் வகுப்பறை அனுபவம்.

பாடசாலைகளிடமும் பெற்றோரிடமும் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, சீருடைப் பரிசோதனையில் சுத்தத்தைப் பாருங்கள், வெண்மையைப் பார்க்க வேண்டாம். கழுவி, காய்ந்து, பொத்தான் பூட்டி வந்த சேட் போதும். குறை இருந்தால் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். நூறு பேருக்கு முன்னால் வேண்டாம்.

இரண்டு, வருட முடிவில் சிறிதாகிப்போன சீருடைகளை வகுப்பு வகுப்பாகச் சேகரியுங்கள். கொடுப்பவர்கள் கழுவி, கிழிந்த இடத்தைத் தைத்து, மடித்துக் கொடுங்கள். நமக்கு வேண்டாம் என்று வீசுவதை சதகா என்று சொல்ல முடியாது. வாங்குகிற பிள்ளையின் பெயர் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

மூன்று, பெருநாள் உடுப்பு எடுக்கும்போது கொஞ்சம் யோசியுங்கள். மலிவாக மூன்று எடுப்பதைவிட, தையலைப் பார்த்து, துணியைத் தடவிப் பார்த்து நல்லதாக ஒன்று எடுத்தால் அது அடுத்த பெருநாளையும் காணும்.

உடுப்பு அல்லாஹ் தந்த நிஃமத். அது ஓர் அமானிதமும்கூட. அதைப் பேணுவதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். மங்கிய சேட் போட்டு வந்ததற்காக எங்கள் ஊரில் ஒரு பிள்ளைகூடப் பாடசாலை வாசலில் தலை குனிந்து நிற்கக் கூடாது. எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

உங்கள் உம்மம்மாவிடம் இதைவிட நல்ல கைமருந்து இருந்தால் கேட்டு எழுதுங்கள். நாலு வீட்டுக்குப் பயன்படும்.