பட்டம் உண்டு, பதவி எங்கே?

1946-லேயே வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பைக் கண்டது நம் நாடு. அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு எனும் செவிலியர், மருத்துவர் சில்வருடன் இணைந்து, 'செவிலிய வல்லுநர்' பயிற்சிக்கு வித்திட்டது 1965-ல்தான்! அங்கே அது ஆலாய்த் தழைத்தது. இங்கே?

தீவிர சிகிச்சைக்கென ஈராண்டு முதுநிலைப் படிப்பு 2016-ல் வகுக்கப்பட்டது. பூவிருந்தவல்லிச் சாலையில் செவிலியர் கல்லூரிகளுக்குப் பஞ்சமா? ஆவடியிலே நகையை அடகு வைத்தும் பெண்ணைப் படிக்கவைக்கும் பெற்றோர் உண்டு. முதுநிலை முடித்தவர் செல்லுமிடம் கல்லூரி வகுப்பறை; இன்றேல் விமான நிலையம்! அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நள்ளிரவில் கை நசுங்கிய தொழிலாளியின் கட்டிலருகே அந்த அறிவு நிற்க வேண்டாமா? அதற்கேற்ற பதவியும், ஊதியமும், வரையறுத்த அளவில் மருந்தெழுதும் உரிமையும் வேண்டாமா? மருத்துவர் சிலர் முகஞ்சுளிப்பர், சுளிக்கட்டும்! 2023-ல் செவிலியர் ஆணையச் சட்டம் இயற்றியோரைக் கேளுங்கள்.