சிலிம் ரிவரில் இரவு இரண்டு மணி: ஸ்னூக்கரைப் பார்க்கிறோம், ஆடுவது யார்?

சிலிம் ரிவர், நவ. – இம்மாதம் கத்தாரின் டோஹா நகரில் சென்னையைச் சேர்ந்த 23 வயது அனுபமா ராமச்சந்திரன் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். அனைத்துலக பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் சம்மேளனம் நடத்தும் 15 சிவப்புப் பந்து ஆட்டத்தில் இந்தியப் பெண் ஒருவர் தனிநபர் பட்டம் வெல்வது இதுவே முதல் முறை. இறுதி ஆட்டத்தில் அவர் எதிர்கொண்டது ஆங்காங்கின் இங் ஒன் யீ. சாதாரண ஆள் அல்லர், வேறொரு மகளிர் தொடரில் மூன்று முறை உலக வெற்றியாளரானவர். 3-2 என்ற கணக்கில் கடைசி பிரேமில்தான் முடிவு தெரிந்தது.

மறுநாள் காலை எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் நான்கு மேசைகளில் இதைச் சொல்லிப் பார்த்தேன். மூன்று மேசைகளில் "அப்படியா?" என்றார்கள். நான்காவதில் ஒருவர், "ஸ்னூக்கரா? அது பொம்பளைப் பிள்ளைகள் போற இடமாண்ணே?" என்றார். அவர் கெட்டவர் அல்லர். நம் வட்டாரத்தில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் சொல்வதைத்தான் சொன்னார். இந்தக் கட்டுரைக்குக் காரணமே அந்தக் கேள்விதான்.

நான் ஸ்னூக்கர் ஆடுபவன் அல்லன், பார்ப்பவன். எங்கள் கூட்டத்தில் மொத்தம் நான்கு பேர். ஒருவர் லாரி ஓட்டுநர், ஒருவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், ஒருவர் செம்பனைத் தோட்டத்தில் கிராணி. ஐரோப்பியக் காற்பந்துக்கு விழித்திருப்பவர்கள் இந்த ஊரில் நூறு பேர் இருப்பார்கள். ஸ்னூக்கருக்கு விழித்திருப்பது நாங்கள் மட்டும்தான். ஷெஃபீல்டில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், ஏப்ரல், மே மாதங்களில் நமக்கு அதிகாலை 2 மணி. குளிர்காலத்தில் அதே 7 மணி நமக்கு 3 மணியாகிவிடும். கைப்பேசியில் படம் நின்றுவிட்டால் புள்ளிக் கணக்கு மட்டும் எண்களாக ஓடும். ஒருவர் 64 புள்ளியில் இருக்கிறார், எண் நகரவில்லை. தவறவிட்டாரா, யோசிக்கிறாரா? அந்த இரண்டு நிமிடத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடந்த மே மாத உலகப் போட்டியின் இறுதியாட்டத்தை அப்படித்தான் பார்த்தோம். சீனாவின் ஷாவ் ஷின்தோங், வேல்ஸ் நாட்டின் மார்க் வில்லியம்ஸ். ஒருவருக்கு வயது 28, மற்றவருக்கு 50. முதலில் 18 பிரேம் எடுப்பவருக்குப் பட்டம். கடைசி அங்கம் தொடங்கும்போது ஷாவ் 17-8 என முன்னிலையில் இருந்தார். ஒரே ஒரு பிரேம் போதும். ஆசிரியர், "பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், வீட்டுக்குப் போகலாம்" என்றார். வில்லியம்ஸ் அடுத்தடுத்து நான்கு பிரேம்களை எடுத்தார். 17-12. லாரி ஓட்டுநர் இரண்டாவது தே தாரிக்குக்குச் சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் ஷாவ் முடித்தார். 1927-இல் தொடங்கிய போட்டியில் ஆசியர் ஒருவர் உலக வெற்றியாளர் ஆனது அதுவே முதல் முறை. பரிசு 5 லட்சம் பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய 28 லட்சம் ரிங்கிட்.

அவர் வந்த வழிதான் பெரிய கதை. அப்போது அவர் தொழில்முறை ஆட்டக்காரரே அல்லர். நான்கு தகுதிச் சுற்றுகளைத் தாண்டி, பிறகு அரையிறுதியில் ரோனி ஓ'சல்லிவனை 17-7 என நசுக்கி வந்தவர். ஏன் தொழில்முறை அட்டை இல்லை? தடையிலிருந்து திரும்பியவர் என்பதால். 2023-இல் பத்துச் சீன ஆட்டக்காரர்கள் ஆட்ட நிர்ணய வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். இருவருக்கு ஆயுள் தடை. ஷாவுக்கு 20 மாதம். அவர் தம் ஆட்டத்தை விற்கவில்லை. ஆனால், இன்னொருவர் விற்றதற்கு உடந்தையாக இருந்ததையும் தாமே பந்தயம் கட்டியதையும் ஒப்புக்கொண்டார். 2024 செப்டம்பர் 1-இல் தடை முடிந்தது. எட்டு மாதத்தில் உலகப் பட்டம்.

எங்கள் மேசையில் இதற்குச் சண்டையே வந்தது. கிராணி, "சூதாட்டத்தில் மாட்டினவனுக்கா கைதட்டுறீங்க?" என்றார். ஆசிரியர், தண்டனை முடிந்த பிறகும் ஒருவனை அடிப்பது நியாயம் இல்லை என்றார். நான் ஆசிரியர் பக்கம். ஆனால், கிராணி சொன்னதில் ஒரு பாதி உண்மை இருப்பதை மறுக்க மாட்டேன். ஸ்னூக்கர் என்றவுடன் நம் பெற்றோர் மனத்தில் வருவது பந்தயம், புகை, மாடிப்படி ஏறினால் இருட்டு. உலக வெற்றியாளரின் வரலாற்றிலேயே பந்தயம் இருந்தால், அந்தத் தாய்க்கு நாம் என்ன பதில் சொல்வது?

சீனா என்ன பதில் சொன்னது என்று பார்ப்போம். 2005-இல் டிங் ஜூன்ஹுய், 18 வயதில், சீனப் பொதுப் போட்டியின் இறுதியில் ஸ்டீபன் ஹென்ரியை 9-5 என வென்றார். அந்த ஓர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த சீனர்கள் பத்துக் கோடிக்கு மேல். அதற்குப் பிறகு ஸ்னூக்கர் அங்கே மாடிக் கடையில் நிற்கவில்லை. பயிற்சிக்கழகம், பயிற்றுநர், நாள் முழுவதும் மேசை என்று மாறியது. ஷெஃபீல்டிலேயே சீன இளைஞர்கள் தங்கிப் பயிலும் கழகங்கள் உள்ளன. இவ்வாண்டு உலகப் போட்டியின் பிரதானச் சுற்றில் ஆடிய 32 பேரில் பத்துப் பேர் சீனர்கள். தாய்லாந்து இன்னும் முன்னாலேயே வந்தது. ஜேம்ஸ் வத்தனா 1993-இலும் 1997-இலும் உலக அரையிறுதி வரை போனவர். மலேசியாவிலிருந்தும் தோர் சுவான் லியோங் தொழில்முறைச் சுற்றில் ஆடியிருக்கிறார். நம் இந்திய சமூகத்திலிருந்து அந்தச் சுற்றில் நின்ற ஒருவரை நான் பார்க்கவில்லை.

இது நமக்குத் தொடர்பில்லாத ஆட்டம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஸ்னூக்கர் பிறந்தது இந்திய மண்ணில். 1875-இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லேன் என்ற ஆங்கில அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடியதில் தொடங்கியது. அதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டது 1882-இல், ஊட்டி கிளப்பில். நம் தமிழ்நாட்டு நீலகிரியில்! இலங்கையின் எம்.ஜே.எம். லாஃபிர் 1973-இல் பம்பாயில் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். இந்தியாவின் பங்கஜ் அத்வானி வைத்திருக்கும் உலகப் பட்டங்களின் எண்ணிக்கையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சென்ற ஆண்டே 28-ஐத் தொட்டுவிட்டது.

இந்த வட்டாரத்திலும் அந்த மேசைகள் இருந்தன. ரப்பர்க் காலத்தில் துரைமார் கிளப் என்றால் அங்கே பச்சைத் துணி மேசை ஒன்று இருக்கும். என் தாத்தா அப்படி ஒரு கிளப்பில் வேலை பார்த்தவர். பால்மரக் காட்டு வேலை முடிந்து, மாலையில் அந்த மேசைத் துணியை ஒரே திசையில் துலக்கி, இஸ்திரி போட வேண்டும். திசை மாறிப் போனால் பந்து வழி தவறும், துரை கத்துவார். முப்பது ஆண்டு அந்த மேசையைத் தொட்டவர் ஒருமுறைகூடக் கியூவைப் பிடித்ததில்லை என்று அப்பா சொல்வார். இப்போது துரையும் இல்லை, கிளப்பும் இல்லை, ரப்பரும் செம்பனையாகிவிட்டது. பேரப் பிள்ளைகள் தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால், மேசைக்கும் நமக்கும் உள்ள தூரம் அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் லாரி ஓட்டுநரின் மகனுக்குப் பதினாறு வயது. உறவினர் வீட்டில் கிடந்த சிறிய மேசையில் ஆடிப் பழகியவன். நான் நேரில் பார்த்தேன். பந்தைக் குழியில் போடுவதைவிட, வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்கிறான். கற்றுக்கொடுத்து வராத குணம் அது. அவனை ஒரு முழு அளவு மேசையில் ஆட விட வேண்டும் என்று பக்கத்து ஊர் மையம் ஒன்றுக்கு அப்பாவும் மகனும் போனார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 18 வயதுக்குக் குறைந்தோருக்கு அனுமதி இல்லை.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் உரிமத்தைக் காப்பாற்ற வேண்டும். ஸ்னூக்கர் மையங்கள் நம் நாட்டில் விளையாட்டு அரங்கமாக அல்ல, கேளிக்கை மையமாகவே உரிமம் பெறுகின்றன. விவரம் மாநிலத்துக்கு மாநிலம், மன்றத்துக்கு மன்றம் மாறலாம். ஆனால், அந்த வயதுப் பலகையை எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறோம். அந்த விதி வந்த காரணமும் எனக்குப் புரிகிறது. பள்ளிக்கு மட்டம் போட்டு மாடியில் கிடந்த பிள்ளைகளை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. நானும் தடையை எடுங்கள் என்று கேட்கவில்லை.

ஆனால், ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். டிங் 18 வயதில் ஹென்ரியை வென்றுவிட்டார். நம் பிள்ளை 18 வயதில்தான் வாசலைத் தாண்டுகிறான். பூப்பந்து என்றால் முற்றத்தில் ஒரு கயிறு கட்டி ஆடலாம். இந்த ஆட்டத்துக்கு 12 அடி நீளம், 6 அடி அகலம், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கல் பலகை மேசை வேண்டும். வசதி உள்ளவர்கள் நகரத்துத் தனியார் கிளப்பில் உறுப்பினராகலாம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அங்கே ஒரு வழி கிடைக்கும். தாமான் வீட்டுப் பிள்ளைக்குப் பலகைதான் கிடைக்கும்.

எனவே என் கோரிக்கை சின்னது. வாரத்தில் இரண்டு மதியம், பெற்றோர் கையெழுத்துடன், பயிற்றுநர் முன்னிலையில், புகையும் பந்தயமும் இல்லாத இரண்டு மணி நேரத்துக்கு உரிமத்தில் ஒரு விதிவிலக்கு. மாநில அரசாங்கம் வழிகாட்டினால் தஞ்சோங் மாலிம் மாவட்ட மன்றம் போன்றவை இதை முயன்று பார்க்கலாம். மதியத்தில் பெரும்பாலான மேசைகள் சும்மாதான் கிடக்கின்றன. கடைக்காரருக்கும் வருமானம். ஆண்டுதோறும் காற்பந்துக் கிண்ணம் நடத்தும் நம் இயக்கங்களில் ஒன்றாவது பயிற்றுநர் செலவை ஏற்கட்டும்.

பணம் மேலிருந்து தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். 1998 முதல் 2010 வரை ஆசிய விளையாட்டுப் போட்டியில் இருந்த இந்த ஆட்டம் 2014-இல் நீக்கப்பட்டது. பதக்கப் பட்டியலில் இல்லாத ஆட்டத்தின்மேல் யாருக்குத்தான் கண் போகும்? தொழில்முறைச் சுற்றுக்கும் சுலபமான வழி இல்லை. இங்கிலாந்தில் தங்கி, பயணித்து, முதல் சுற்றுகளில் தோற்றுத் தோற்றுக் கற்க வேண்டும். அதனால் நான் யாரிடமும் "உலக வெற்றியாளர் ஆக்குகிறேன்" என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையனுக்குத் தேவை உலகப் பட்டம் அல்ல. தான் நல்லா ஆடுகிறானா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு மேசை.

அனுபமாவுக்கு வருவோம். 2017-இல் நம் பக்கத்துச் சிங்கப்பூரில் நடந்த உலக மகளிர் இறுதியாட்டத்தில் இந்தியாவின் வித்யா பிள்ளை, இதே இங் ஒன் யீயிடம் 6-5 எனத் தோற்றார். அதுவும் கடைசி பிரேம்தான். எட்டு ஆண்டு கழித்து இன்னோர் இந்தியப் பெண், அதே எதிராளி, மீண்டும் கடைசி பிரேம், இம்முறை முடிவு வேறு. நடுவில் என்ன மாறியது என்று யோசித்தேன். ஒருவர் தோற்றதைப் பார்த்து அடுத்தவர் ஆட வரும் அளவுக்கு அங்கே மேசைகள் திறந்திருந்தன என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. "அது பொம்பளைப் பிள்ளைகள் போற இடமா" என்று கேட்டவரிடம் அனுபமாவின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "படிச்ச பிள்ளை மாதிரி இருக்கு" என்றார். அதற்கு என்ன பொருள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வரும் 29-ஆம் தேதி, சனிக்கிழமை, இங்கிலாந்தின் யார்க் நகரில் அடுத்த பெரிய போட்டி தொடங்குகிறது. ஷாவ் 2021-இல் வென்ற போட்டி அது. இரவு ஆட்டம் நமக்கு அதிகாலை 3 மணி, அதற்கு வழக்கம்போல் நாங்கள் நால்வர். மதிய ஆட்டம் இரவு 9 மணி வாக்கில் வரும். லாரி ஓட்டுநரின் மகன், "அங்கிள், அதுக்கு மட்டும் நானும் வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். அவன் அம்மா பன்னிரண்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் சரி என்றிருக்கிறார்.