உப்புக் காற்றில் பேட்டரி டிரில்லிங் மெஷின் எத்தனை நாள் உழைக்கும்?

கேள்வி: "வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். பத்து ஆடுகள் வைத்திருக்கிறோம். போன மழைக்காலத்தில் ஆட்டுக் கொட்டகையின் தகர ஷீட் இரண்டு காற்றில் பிய்ந்துபோயின. சரிசெய்ய ஆள் கிடைப்பதற்கே பதினைந்து நாள் ஆயிற்று. அதற்குள் நனைந்த குட்டிகளில் ஒன்று செத்துப்போனது. சொந்தமாக ஒரு பேட்டரி டிரில்லிங் மெஷின் வாங்க நினைக்கிறேன். 'கடல் காத்துக்கு எந்த மெஷினும் ஒரு வருஷம் தாங்காது' என்கிறார் மாமனார். '48 வோல்ட்' என்று போட்ட மெஷின் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?"
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால், மாமனார் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம், கடைசிவரை துருவோடு போராடித்தான் நின்றது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் அரிப்பைத் தாங்கும் தனிவகைப் பூச்சும் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், துரு ஆய்வுக்காக மண்டபத்தில் தனி ஆய்வு நிலையமே வைத்திருக்கிறது. பாலத்தையே அரிக்கிற காற்று, டிரில்லிங் மெஷினைச் சும்மா விடாது. ஆனால், பாலத்தைப் பெட்டிக்குள் வைத்து மூட முடியாது, மெஷினை மூடலாம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

எதை வாங்குவது?

லித்தியம் அயான் பேட்டரியில் ஒரு செல்லின் அளவு சுமார் 3.6 வோல்ட். மூன்று செல் சேர்ந்தால் 10.8 வோல்ட், இதையே '12 வோல்ட்' என்று விற்கிறார்கள். ஐந்து செல் சேர்ந்தால் 18 வோல்ட். முழு சார்ஜில் கணக்கிட்டு '20', '21' என்றும் போடுகிறார்கள். ஆக, 18, 20, 21 மூன்றும் ஒன்றுதான். '48 வி.எஃப்', '88 வி.எஃப்' என்று எழுதிய மலிவான மெஷின்களில் பெரும்பாலும் இதே ஐந்து செல்தான் இருக்கும். எண் பெரிதாக இருப்பதால் பலம் கூடிவிடாது.

பலகை, கதவு, அலமாரி வேலைக்கு 12 வோல்ட் போதும். செங்கல் சுவர், இரும்பு பைப், பனங்கை என்று எல்லாவற்றிலும் வேலை இருந்தால், சுத்தியல் படம் போட்ட 'ஹேமர்' வசதியோடு 18 வோல்ட் மெஷினாக வாங்குங்கள். கான்கிரீட் தளத்தில் ஓட்டை போட இதை நம்ப வேண்டாம். அதற்குக் கரன்ட்டில் ஓடும் பெரிய மெஷினை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதே லாபம்.

விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ராமநாதபுரம் அல்லது மதுரையில் சர்வீஸ் இருக்கிறதா? பேட்டரி மட்டும் தனியாகக் கிடைக்குமா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால், பாதி விலையும் நஷ்டம்தான். ஏனென்றால், பெரும்பாலும் மோட்டாருக்கு முன்பே பேட்டரிதான் ஓயும்.

கரன்ட் செலவை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அடங்குவது 36 வாட்-அவர். சேதாரம் போனாலும் ஒரு யூனிட் மின்சாரத்தில் இருபது முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம்.

ஷீட்டை எப்படி முடுக்குவது?

இரும்பு பைப்பில் தகர ஷீட் போட, முனையே துளையிட்டுக்கொண்டு இறங்கும் 'செல்ஃப் டிரில்லிங்' ஸ்க்ரூ இருக்கிறது. தலைக்குக் கீழே ரப்பர் வாஷர் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். முலாம் பூசிய சாதாரண ஸ்க்ரூ, கடலோரத்தில் சீக்கிரமே துருவேறும். துருப்பிடிக்காத எஃகில் 304-ஐவிட 316 தரம் உப்புக் காற்றுக்கு ஏற்றது. ஆனால், அந்த எஃகு சற்று மென்மையானது. ஸ்க்ரூவைவிடச் சற்றுச் சிறிய பிட்டால் முதலில் ஓட்டை போட்டுவிட்டு, பிறகு இறக்குங்கள்.

மெஷினின் மூக்குப் பகுதியில் எண்கள் போட்ட வளையம் இருக்கும். எவ்வளவு முறுக்கியதும் நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது அதுதான். சின்ன எண்ணில் தொடங்கி, ஸ்க்ரூ சரியாக இறங்கும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் முறுக்கினால் ரப்பர் கிழியும். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். துரு அங்கிருந்தே தொடங்கும்.

பனங்கையில் முடுக்குவதாக இருந்தால் கவனம் தேவை. பனைக்கு வைரம் வெளியே, சோறு உள்ளே. வெளிப்புறத்தில் ஓட்டை போடாமல் ஸ்க்ரூவைத் திணித்தால் கை பிளந்துவிடும், ஸ்க்ரூவும் முறியும். பழைய கையில் சோற்றுப் பக்கம் ஸ்க்ரூ பிடிப்பு கொடுக்காது.

புயல் காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட, உறிஞ்சி மேலே தூக்குவதே அதிகம். அந்த இழுப்பு ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும்தான் கடுமையாக இருக்கும். நடுவில் போடுவதைவிட அங்கெல்லாம் ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போடுங்கள்.

கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால், அதில் மெஷினை வைக்க வேண்டாம். அதன் தூசியில் இருக்கும் நார் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளுமே ஆபத்தானவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஓட்டை போடும்போது சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். கண்ணாடி அணியுங்கள். கையுறை வேண்டாம், சுழலும் பிட் அதைச் சுற்றி இழுத்துவிடும். பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

ஒரு வருஷத்தைத் தாண்ட...

வேலை முடிந்ததும் மெஷினை உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீர் படக் கூடாது. பிட் மாட்டும் சக்கில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். பேட்டரியின் உலோக முனைகளில் எண்ணெய் படக் கூடாது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு போட்டு வையுங்கள்.

பேட்டரிக்கு உப்பைப் போலவே வெப்பமும் எதிரி. தகரக் கொட்டகையிலோ, வெயிலில் நிற்கும் வண்டியிலோ வைக்காதீர்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜ் போடாமல், அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மாதக்கணக்கில் வேலை இல்லையென்றால், பாதி சார்ஜோடு கழற்றி வைத்து, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பாருங்கள். அடியோடு இறங்கிய பேட்டரி பிறகு சார்ஜ் ஏற்காமலே போகலாம். கடல் தண்ணீரில் விழுந்த பேட்டரியையும், உப்பிய பேட்டரியையும் சார்ஜ் போடவே கூடாது, தீப்பிடிக்கும். வீட்டுக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டு, விற்ற கடையில் ஒப்படையுங்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன.

ஒரு வீட்டுக்கு வருஷத்தில் சில நாள்தான் இதற்கு வேலை இருக்கும். மகளிர் குழுவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு மெஷினும் இரண்டு பேட்டரியும் வாங்கினால் செலவு குறையும். யாராவது ஒருவர் பொறுப்பில் வைத்து, எடுப்பதையும் கொடுப்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் ஏணியில் ஏற முடியாது. புரட்டாசி முடிவதற்குள் கொட்டகையின் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள். அந்த ஒருநாள் வேலை, குட்டிகளைக் காப்பாற்றும்.

கேள்வி: "பழைய சுண்ணாம்புச் சுவரில் டிரில்லிங் மெஷின் வைத்தால் பொலபொலவென்று உதிர்கிறது. என்ன செய்வது?"
- வாசகர், கீழக்கரை

பதில்: கடலோரப் பழைய கட்டடங்களில் பவளக்கல்லும் சுண்ணாம்பும் உண்டு. 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவர்களில் இன்றும் அதைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட சுவருக்கு 'ஹேமர்' ஆகாது. சாதாரணச் சுழற்சியில், மெதுவாக, சின்ன பிட்டில் தொடங்குங்கள். காரை கனமாக இருந்தால் நீளமான பிளக் போட்டு, உள்ளே இருக்கும் கல்லில் பிடிமானம் கொடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் ஓட்டை போட வேண்டாம். உள்ளே ஒயர் ஓடும்.

கேள்வி: "முண்டு மிளகாய்க்குச் சொட்டுநீர் போடுகிறேன். பி.வி.சி பைப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டதில், எல்லா இடத்திலும் கசிகிறது."
- விவசாயி, ஆர்.எஸ்.மங்கலம்

பதில்: சூட்டுக்கோலால் போட்ட துளை வட்டமாக இருக்காது, அதனால் ரப்பர் கிரோமெட் பிடிக்காது. கிரோமெட் விற்கும் கடையிலேயே அதன் அளவுக்கான பிட்டையும் கேட்டு வாங்குங்கள். மெஷினை நேராகப் பிடித்து, அழுத்தாமல் துளையிடுங்கள். ஓரத்தில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சீவிவிடுங்கள். பைப்புக்குள் விழுந்த தூளைத் தண்ணீர் விட்டு வெளியேற்றிய பிறகே டியூபை மாட்டுங்கள். இல்லையென்றால் அந்தத் தூளே சொட்டுவானை அடைத்துவிடும்.