தந்தியை எங்கிருந்து கேட்பது?

பழைய எலெக்ட்ரிக் கிதார் ஒன்று பதினோரு ஆண்டுகளாக என் அலமாரியின்மேல் உறைக்குள் கிடந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மலிவான நகல். அதை வாசிக்காமல் விட்டதற்கு நேரமின்மையே காரணம் என்று நெடுநாள் சொல்லிவந்தேன். உண்மைக் காரணம் வேறு. கடைக்காரர் ஒருவர் அதை வாங்கி இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "இதில் தொனி வராது சார், பிக்கப்புகளை மாற்றிவிடுங்கள்" என்றார். அவர் சொன்ன விலை கிதாரின் விலையைவிட அதிகம். மாற்றவும் இல்லை, அதன்பின் வாசிக்கவும் இல்லை. சென்ற ஆண்டு அதைக் கீழே இறக்கிப் புதுத் தந்திகள் பூட்டியபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அதிலிருந்த சுவிட்சுக்கு ஐந்து நிலைகள். நான் வாசித்த காலமெல்லாம் ஒரே ஒரு நிலையைத்தான் பயன்படுத்தியிருந்தேன்.

அந்தச் சுவிட்சைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரே நிகழ்ச்சியை எந்த இடத்தில் நின்று சொல்கிறோம் என்பதால் கதையே மாறிவிடும் என்று நாம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். அதைச் செப்புக்கம்பியும் காந்தமும் கொண்டு செய்து காட்டும் கருவி இது. அவ்வளவே என் சமாதானம்.

வீணையோ சாதாரணக் கிதாரோ ஒலிக்கும்போது நாம் கேட்பது முழுக் கருவியை. தந்தியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்குச் சென்று காற்றை அசைக்கிறது. எலெக்ட்ரிக் கிதாரின் பிக்கப் அப்படிக் கேட்பதில்லை. காந்தத் துண்டுகளைச் சுற்றி முடியினும் மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அசையும்போது காந்தப்புலம் கலைந்து கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. அதாவது, அது தனக்கு நேர் மேலே இருக்கும் தந்தியின் சிறு துண்டை மட்டுமே அறியும். தந்தியின் மற்ற பகுதி என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது.

குதிரைக்கு அருகே மீட்டினால் ஒலி கூர்மையாகவும், தள்ளி மீட்டினால் கனிந்தும் வருமென்று வீணை பழகிய எவருக்கும் தெரியும். எலெக்ட்ரிக் கிதார் இதோடு இன்னொன்றைச் சேர்த்தது. மீட்டும் இடத்தைப் போலவே கேட்கும் இடமும் வாசிப்பவனின் கையில் வந்தது. இசைக்கருவிகளின் வரலாற்றில் இது சிறிய விஷயமல்ல என்பது என் எண்ணம்.

பள்ளியில் சுரமானியை வைத்துக் கணுவும் எதிர்க்கணுவும் படித்தவர்கள் சற்று நினைவுகூரலாம். ஒரு தந்தி அதிரும்போது அடிச்சுரம் மட்டும் எழுவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் கூடவே எழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தந்தியில் அசையாத புள்ளிகள் உண்டு. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்தியின் நீளம் 25.5 அங்குலம். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் ஏறத்தாழ அதன் கால்பங்கில், குதிரையிலிருந்து ஆறே கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. நான்கு மடங்கு அதிர்வுக்கு அது கணு. ஆகவே திறந்த தந்தியை மீட்டினால் அந்த அதிர்வு அந்தப் பிக்கப்பின் காதில் அநேகமாக விழுவதே இல்லை.

ஆனால் நாம் திறந்த தந்தியை மட்டுமா வாசிக்கிறோம்? ஐந்தாவது ஃப்ரெட்டில், வீணைக்காரர்கள் மெட்டு என்பார்களே அதில், விரலை வைத்தால் தந்தியின் நீளம் முக்கால்பங்காகிறது. பிக்கப் இருந்த இடத்திலேயே இருக்க, அது இப்போது புதிய நீளத்தின் மூன்றிலொரு பங்கில் நிற்கிறது. மும்மடங்கு அதிர்வு மறைகிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்குப் போனால் சரிபாதி. இரட்டைப்படை மடங்குகளெல்லாம் மங்கிவிட, புல்லாங்குழலை நினைவூட்டும் உள்ளீடற்ற, உருண்டையான ஒலி கிடைக்கிறது. கழுத்துப் பிக்கப்பில் மேலே ஏற ஏறக் குரல் இனிமையாவதன் இரகசியத்தில் ஒரு பங்கு இதுதான். பிக்கப் ஒரு புள்ளியல்ல, அதற்கு அகலமுண்டு என்பதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. இருந்தாலும் காது அதை ஒப்புக்கொள்ளும்.

குதிரைப் பக்கத்தில் கதை வேறு. அங்கே தந்தி அதிகம் அசைய முடியாது. அடிச்சுரம் ஒடுங்கியிருக்க, மேல் மடங்குகள் அதற்கு ஈடுகொடுத்து நிற்கின்றன. ஒலி மெலிந்தது, கூரியது. இதை ஈடுசெய்யக் குதிரைப் பிக்கப்பைத் தந்திக்கு நெருக்கமாக உயர்த்தியும், கழுத்துப் பிக்கப்பைத் தாழ்த்தியும் வைக்கவேண்டும். இரண்டு திருகாணிகள், ஐந்து நிமிட வேலை. என் கிதாரில் நேர் எதிராக இருந்தது. கழுத்துப் பக்கத்துக் காந்தங்கள் தந்தியைத் தொட்டுவிடும் உயரத்தில் நின்றன. அவ்வளவு நெருங்கினால் காந்தம் தடித்த தந்திகளை இழுத்துப் பிடித்து, சுருதியே தள்ளாடும். நான் கேட்ட அந்த அழுக்கான ஒலியைப் பிக்கப்பின் தரக்குறைவு என்று எண்ணியே பதினோரு ஆண்டுகள் போயின. ஒரு திருப்புளியால் தீர்ந்திருக்கும்.

இனி சுவிட்சுக்கு வருகிறேன். லியோ ஃபெண்டர் வானொலி பழுதுபார்ப்பவராகத் தொழில் தொடங்கியவர், கிதார் வாசிக்கத் தெரியாதவர். 1954ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனிலிருந்து அவருடைய நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்புகளும் மூன்று நிலைச் சுவிட்சும் இருந்தன. ஒரு நிலைக்கு ஒரு பிக்கப். பொறியாளரின் கண்ணுக்கு நிறைவான ஏற்பாடு. வாசிப்பவர்களோ சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே, எங்கும் சேராமல் நிறுத்தினார்கள். அங்கே பக்கத்திலுள்ள இரண்டு பிக்கப்புகள் ஒன்றாக ஒலித்தன. தந்தியின் இரு இடங்கள் எதிரெதிர்த் திசையில் அசையும் அதிர்வுகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, நடுப்பகுதி குழிந்து, கண்ணாடித்தன்மையும் லேசான வாத்துக்குரலும் கொண்ட ஒலி வந்தது. கைதவறினால் சுவிட்ச் ஒரு பக்கம் விழுந்துவிடும். ஆனாலும் விடாமல் அங்கேயே வைத்து வாசித்தார்கள். இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1977ல், அந்த இரண்டு இடைவெளிகளையும் நிலைகளாக ஏற்று நிறுவனமே ஐந்து நிலைச் சுவிட்சைப் பொருத்தியது.

இந்த ஒலியைப் பலர் எதிர்க்கட்டம் என்று எழுதுகிறார்கள். தவறு. இரண்டு பிக்கப்புகளும் ஒரே கட்டத்தில்தான் இயங்குகின்றன. உண்மையான எதிர்க்கட்டம் எப்படியிருக்கும் என்று அறிய வேண்டுமானால் பீட்டர் கிரீனைக் கேட்கவேண்டும். ஃப்ளீட்வுட் மேக் குழுவை 1967ல் தொடங்கிய அவருடைய 1959ஆம் ஆண்டு லெஸ் பால் கிதாரில் கழுத்துப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. எப்படி அப்படியானது என்பதற்குக் கதைகள் பல. இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்தால் அடித்தளம் கரைந்து, மூக்கால் அழுவதுபோன்ற குரல் வரும். தொழிற்சாலையின் அளவுகோலில் அது பழுது. அந்தப் பழுதோடுதான் கிதார் கேரி மூரிடம் சென்றது, 2014ல் மெட்டாலிகாவின் கர்க் ஹாமெட்டிடம் வந்தது. ஒருவரும் அதைச் சரிசெய்ய நினைக்கவில்லை.

லெஸ் பால் கிதாரின் சுவிட்சைச் சுற்றி இரண்டு சொற்கள் பொறித்திருக்கும். கழுத்துப் பக்கம் ரிதம், குதிரைப் பக்கம் ட்ரெபிள். பக்கவாத்தியத்துக்கு இது, தனி வாசிப்புக்கு அது என்று பொருள். எரிக் கிளாப்டன் இதை எவ்வளவு மதித்தார் என்பதை க்ரீம் குழு 1967ல் வெளியிட்ட சன்ஷைன் ஆஃப் யுவர் லவ் பாடலில் கேட்கலாம். தொனிக் குமிழை அடியோடு தாழ்த்தி, ஆம்ப்ளிபயரை முழுவதும் திறந்து, தனி வாசிப்பை அவர் மேகமூட்டமாக வாசித்தார். அந்தக் குரலைப் பெண்குரல் தொனி என்றே அழைத்தார்கள். சுவிட்சின்மேல் எழுதியிருப்பது ஒரு பரிந்துரை, அதற்குமேல் ஒன்றுமில்லை.

கழுத்து என்றால் ஜாஸ், குதிரை என்றால் ராக், நடு என்றால் எதற்கும் உதவாது என்பதுபோன்ற பட்டியல்களோடு எனக்குள்ள சண்டை இதுதான். பட்டியல் பொய் என்று சொல்லவில்லை. அது முடிந்துபோனவற்றின் கணக்கு. 1978ல் வெளிவந்த இரண்டு முதல் தொகுப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் தொகுப்பில் மார்க் நாஃப்ளர் நடுப் பிக்கப்பையும் குதிரைப் பிக்கப்பையும் சேர்த்து, மீட்டுகோல் இல்லாமல் வெறும் விரலால் சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங் வாசிக்கிறார். வான் ஹேலன் தொகுப்பில் எடி வான் ஹேலன் தானே ஒட்டுப்போட்டுச் செய்த கிதாரில் குதிரைப் பக்கம் ஒரே ஒரு ஹம்பக்கரையும் ஒலியளவுக் குமிழ் ஒன்றையும் விட்டு, மற்றதெல்லாம் வேண்டாமென்று தள்ளிவிட்டார். ஒருவர் இரண்டு நிலைகளுக்கு நடுவே வீடு கட்டினார், மற்றவர் சுவிட்சையே கழற்றி எறிந்தார். இதில் எது சரி?

இந்த இடத்தில் ஒரு பெரியவர் நிச்சயம் எழுந்து, "எல்லாம் விரலில் இருக்கிறது தம்பி, கருவியில் என்ன இருக்கிறது" என்பார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாதி உண்மையைத்தான் அவர் சொல்கிறார். வெஸ் மாண்ட்கோமரியின் கட்டைவிரல் மேதைமையானது, மறுப்பில்லை. அந்தக் கட்டைவிரல் கழுத்துப் பக்கம் ஒரே பிக்கப் உள்ள கிப்சன் எல்-5 கிதாரைத் தனக்கென்று செய்வித்துக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வலக்கைக்காரர்களுக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தலைகீழாகத் திருப்பி வாசித்த ஜிமி ஹெண்ட்ரிக்சிடம் குதிரைப் பிக்கப்பின் சாய்வும் திரும்பிவிட்டது. தடித்த தந்திகளைக் குதிரைக்கு நெருங்கியும், மெல்லிய தந்திகளைச் சற்று விலகியும் அது கேட்டது. கீழ்ச்சுரங்கள் இறுகின, மேல்சுரங்கள் மென்மையாயின. அந்த வேறுபாட்டை எந்த விரலும் உண்டாக்கியிருக்க முடியாது. ஒரு விரல் அந்த இடத்தைக் கண்டு அங்கே தங்கியது என்பதே சரி.

புதிதாக வாங்கியவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால் என் யோசனை இது. மிதிபலகைகளையெல்லாம் கழற்றிவையுங்கள். ஆம்ப்ளிபயரில் திரிபு வேண்டாம். ஒலியளவுக் குமிழைப் பத்தில் ஏழில் நிறுத்துங்கள். உங்களுக்கு மனப்பாடமான நான்கைந்து சுரங்கள் கொண்ட ஒரு சிறு வாக்கியத்தை ஒரு வாரம் முழுவதும் ஒரே நிலையில் வாசியுங்கள். அந்த நிலையில் மீட்டும் இடத்தைக் குதிரையிலிருந்து கழுத்துவரை நகர்த்திப் பாருங்கள். பிறகு அடுத்த நிலைக்குப் போங்கள். இரண்டு ஹம்பக்கர் உள்ள கிதாரானால் நடுநிலையில் கழுத்துப் பிக்கப்பின் ஒலியளவை மட்டும் ஏழுக்கும் எட்டுக்கும் இடையே குறைத்துப் பாருங்கள். மூன்று நிலைச் சுவிட்சுக்குள் எத்தனை நிலைகள் ஒளிந்திருக்கின்றன என்று தெரியும். முழுவதும் குறைத்துவிடாதீர்கள், பெரும்பாலான கிதார்களில் இரண்டு பிக்கப்புகளும் அடங்கிவிடும்.

பிக்கப்பை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மலிவான பிக்கப்புகளில் உண்மையிலேயே மோசமானவை உண்டு. வாத்தியத்தைக் கேட்டு முடித்தபின் மாற்றுகிறவர் எதை மாற்றுகிறோம் என்று அறிந்திருப்பார். கேட்காமலே மாற்றுகிறவருக்குப் புதியதும் சில மாதங்களில் சலித்துவிடும். எனக்கு அந்தக் கடைக்காரர்மீது இப்போது கோபமில்லை, அவர் தொழில் அது. ஒரு மாதம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டியவன் நான்தான்.

இப்போது நான்காவது நிலையில், கழுத்தும் நடுவும் சேருமிடத்தில், பெரும்பாலும் வாசிக்கிறேன். குதிரைப் பிக்கப் தனியாக ஒலிக்கும் முதல் நிலை இன்னும் வசப்படவில்லை. பழைய வடிவமைப்பில் அந்தப் பிக்கப்புக்கு மட்டும் தொனிக் குமிழ் கிடையாது, கூர்மையைக் குறைக்க வழியில்லை. என் கிதாரும் அப்படியே. உள்ளே சுவிட்சின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு விரல்நீளக் கம்பி ஒன்றைப் பற்றவைத்தால் இரண்டாவது தொனிக் குமிழ் அதற்கும் வேலை செய்யுமாம். பற்றவைக்கும் கோலை எதிர்வீட்டு மெக்கானிக்கிடம் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.