பாலைவனக் கோதுமையும் பாட்டி நகையும்

"பாலைவனத்தையே பச்சையாக்கிட்டான் பாருங்கய்யா"ன்னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு எரிச்சலா வரும். கூடவே ஒரு செயற்கைக்கோள் படத்தையும் நீட்டுவாங்க. சவூதி மணலுக்கு நடுவுல வட்ட வட்டமா பச்சை. பார்க்க அழகாத்தான் இருக்கு, மறுக்கலை. தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் கேட்க மாட்டாங்க.

சவூதியில் வருஷம் முழுக்க ஓடுற ஆறு ஒண்ணு கூட கிடையாது. வட்டத்துக்குப் போறதெல்லாம் நிலத்தடி நீர். அதுவும் அடுத்த மழைக்கு ஊறுற கிணத்துத் தண்ணி இல்லீங்க. பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, அங்கே நல்ல மழை இருந்த காலத்துல, பாறைக்குள்ள இறங்கித் தங்கினது. எடுத்தா எடுத்ததுதான். பாட்டி நகையை வித்து தினம் விருந்து வைக்கிறதுக்கு வருமானம்னா பேரு?

1980கள்ல உலகச் சந்தையைப் போல பல மடங்கு விலை கொடுத்து அரசே கோதுமையை வாங்குச்சு. விளையாம என்ன செய்யும்? 80களின் நடுவுலயே தன்னிறைவு. 1992ல் விளைச்சல் சுமார் 40 லட்சம் டன், ஏற்றுமதி வேற! ஒரு கிலோ கோதுமைக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல தண்ணி வேணும். அப்போ கப்பல் ஏறினது கோதுமையா, தண்ணியா? இன்னொரு பக்கம், காலங்காலமா தானா பொங்கிக்கிட்டிருந்த அல் அஹ்ஸா ஊற்றுகள், மோட்டார் வெச்சு உறிஞ்சினதுல அடங்கிப் போச்சு.

2008ல் அரசே முடிவெடுத்து, கொள்முதலை வருஷத்துக்கு 12.5 சதவீதம் குறைச்சு, 2016ல் நிறுத்துச்சு. சரி, தண்ணி தப்பிச்சுதான்னு பார்த்தா, பலரும் மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் போட ஆரம்பிச்சுட்டாங்க. அது கோதுமையை விடப் பெரிய குடிகாரப் பயிர் :-) அதுக்கும் கட்டுப்பாடு வந்துச்சு. அல்மராய் பால் கம்பெனி 2014ல் அமெரிக்காவுல அரிசோனாவுக்குப் போய் நிலம் வாங்கித் தீவனம் வளர்த்துச்சு. அரிசோனாவும் பாலைவனம்தான், அங்கேயும் நிலத்தடி நீர்தான்! 2023ல் அந்த மாநில அரசு தன் நிலத்துல கொடுத்திருந்த குத்தகை ஒண்ணை ரத்து பண்ணுச்சு.

"அப்போ சோத்துக்கு அடுத்தவன் கையையே பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"ம்பாங்க. நியாயமான பயம். போர் வந்தா, கப்பல் நின்னா என்ன பண்றது? அதுக்குத்தான் நாலு நாட்டுல வாங்கி, மாசக்கணக்குல வர்ற மாதிரி கிடங்குல தானியம் வெச்சுக்கணும். கழிவுநீரைச் சுத்திகரிச்சுப் பேரீச்சைக்கும் காய்கறிக்கும் விடலாம். அடியில கிடக்குற பழைய தண்ணியைக் கப்பல் வராத நாளுக்குன்னு விட்டு வைக்கணும். கப்பல் ஒழுங்கா வந்துக்கிட்டிருந்த காலத்துலயே அதை இறைச்சுக் கோதுமையாக்கி வெளியே அனுப்பினதுக்கு உணவுப் பாதுகாப்புன்னு பேர் வெச்சாங்களே, அதைத்தான் என்னால ஒத்துக்க முடியலை.