ஏறும் கால் மட்டும் போதாது

"மலைப் பந்தயத்தில் வேகமாக ஏறுகிறவரே வெல்வார், அணியைக் கணக்கில் எடுப்பது வீண்" என்று வாதிடுபவர்கள் 2025 ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தின் 20ஆம் கட்டத்தை மறந்துவிட்டார்கள். அன்று முதலிடத்தில் இருப்பவருக்கான இளஞ்சிவப்புச் சட்டை இசாக் டெல் டோரோவிடம். சைமன் யேட்ஸ் 1 நிமிடம் 21 விநாடி பின்னால். ஃபினெஸ்ட்ரே மலையின் கடைசி 8 கிலோமீட்டர் மண்பாதை. அந்த ஏற்றத்தில் டெல் டோரோவும் இன்னொரு போட்டியாளரான கரபாஸும் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டிருக்க, யேட்ஸ் தனியே போயேவிட்டார். அதுவரை கால்பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் இறக்கத்துக்கு அப்பால் காத்திருந்தவர் யார்? முன்னணிக் குழுவோடு முன்கூட்டியே போயிருந்த அவரது அணித் துணைவர் வவுட் வான் ஆர்ட். பள்ளத்தாக்கில் காற்றை அவர் நெஞ்சில் வாங்க, யேட்ஸ் பின்னால் ஒண்டிக்கொண்டார். பட்டம் வந்தது 3 நிமிடம் 56 விநாடி வித்தியாசத்தில். வெல்லக்கூடியவர்களைப் பட்டியலிடும்போது துணைவர்களின் பெயரையும் எழுதுங்கள்.