காவலருக்கு மட்டும் அஞ்சும் கருவி



எபேசியர் 6-ஆம் அதிகாரத்தில் வேலைக்காரருக்கு எழுதும் பவுல் அப்போஸ்தலன், எஜமானுடைய கண் தன்மேல் இருக்கும்வரை மாத்திரம் உண்மையாயிருக்கிற ஒருவகை ஊழியத்தைக் கடிந்துகொள்கிறார். கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்திலும் அதையே மறுபடியும் எழுதுகிறார். இந்தப் பகுதிக்கு இவ்வாரம் என்னைத் திருப்பியது வேதபாட வகுப்பு அன்று. நம்முடைய வாகன நிறுத்துமிடம்.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு சகோதரர் என்னைத் தம் காரருகே அழைத்துச் சென்றார். (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.) பின்நோக்குக் கண்ணாடியின் தண்டில், உள்ளங்கை அளவான ஒரு கறுப்புப் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. ரேடார் டிடெக்டர். காவல்துறையினர் வேகத்தை அளக்க அனுப்பும் நுண்ணலையை முன்கூட்டியே உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி. "பாஸ்டர், கடையில் கொடுத்தால் கூலியே நூறு டாலருக்கு மேல் கேட்கிறார்கள். எனக்கு ஆன செலவு 12 டாலர்தான்" என்றார்.

வேலையைப் பார்த்தேன். குறை சொல்ல இடமில்லை. வீட்டில் கிடந்த பழைய தொலைபேசிக் கம்பியை எடுத்திருக்கிறார்; அந்தக் கருவியின் துளையும் தொலைபேசித் துளையும் ஒரே அளவு. எஞ்சின் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பு எது என்று ஃபியூஸ் பெட்டியில் மல்டிமீட்டரை வைத்துத் தேடியிருக்கிறார். இல்லாவிட்டால் இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கிவிடும். அந்த இடத்தில் சில டாலருக்குக் கிடைக்கும் ஒரு ஃபியூஸ் இணைப்பான், அதற்குள் 2 ஆம்பியர் ஃபியூஸ். மற்றொரு முனை, வண்ணம் பூசப்படாத உலோகத்தில் திருகப்பட்ட ஒரு போல்ட்டில். கம்பியைக் கூரைத் துணியின் விளிம்புக்குள் செருகி, முன்தூணின் வழியாகக் கீழே இறக்கியிருக்கிறார். அந்தத் தூணுக்குள் ஏர்பேக் இருக்கும். அதன் குறுக்கே கம்பியை ஓட்டினால் விபத்து நேரத்தில் அது விரிவதையே கெடுக்கலாம். ஆகையால் அதற்குப் பின்புறமாகக் கொண்டுபோயிருக்கிறார். ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அரைமணி நேரத்தில் முடித்துக்கொள்ளும் பலர் இதைக் கவனிப்பதில்லை. வெளியே ஒரு அங்குலக் கம்பியும் தெரியவில்லை. பெசலெயேலுக்குக் கைத்திறனை அருளிய தேவன் இவருக்கும் அதில் ஒரு பங்கைக் கொடுத்திருக்கிறார். ஆனால் பெசலெயேல் ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்தான்.

எங்களைச் சுற்றி நம் வாலிபர் மூவர் நின்று தங்கள் கைபேசிகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இக்கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. கனெக்டிகட் மாநிலக் காவல்துறை ரேடாரைக் கொண்டு சாலையில் வேகத்தை அளக்கத் தொடங்கியது 1947-ஆம் ஆண்டளவில். எண்ணெய் நெருக்கடியின்போது, 1974 ஜனவரியில், எரிபொருளை மிச்சப்படுத்த நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்ற உச்சவரம்பு சட்டமாயிற்று. அவ்வரம்பைச் சகிக்க மனமில்லாத ஓட்டுநர்களின் நடுவில்தான் இந்தக் கருவிகளின் வியாபாரம் செழித்தது. 55 மைல் வரம்பு 1995-இல் நீக்கப்பட்டது. கருவி நீங்கவில்லை. வரம்பு எவ்வளவாக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு பத்து மைலை விரும்புகிற இருதயம் மாறவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

"இது சட்டப்படி குற்றமில்லையே" என்று சகோதரர் கேட்டார். நியூ ஜெர்சியில் சொந்தக் காரில் வைத்திருப்பது குற்றமில்லை, மெய்தான். ஆயினும் வாஷிங்டன் நகரில் குற்றம். வர்ஜீனியாவில் குற்றம். கனரக வணிக வாகனங்களில் 1994 முதல் நாடெங்கும் தடை. டொராண்டோவிலுள்ள உறவினரைக் காண நம்மில் அநேகர் காரிலேயே போகிறோம். ஒன்டாரியோவில் அதை வண்டியில் வைத்திருப்பதே குற்றம், கருவியையும் பறிமுதல் செய்வார்கள். வர்ஜீனியாவின் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: கருவிக்கு மின்னிணைப்பு இல்லாமலும், ஓட்டுநருக்கோ பயணிக்கோ எளிதில் எட்டாமலும் இருந்தால் அது குற்றமாகாது. அதாவது, பிடுங்கிப் பின்பெட்டியில் பூட்டி வைத்தவன் தப்பலாம். நம் சகோதரர் பாடுபட்டு மறைத்து வைத்த அந்தக் கம்பியோ, பொடோமாக் ஆற்றுப் பாலத்தைக் கடந்த கணமே அவருக்கு விரோதமான சாட்சியாகிவிடும்.

ஆனால் என் வழக்கு சட்டப் புத்தகத்தோடு நிற்கவில்லை. கடப்பாரை வைத்திருப்பதும் குற்றமல்ல; அதனால் தோட்டத்தைக் கிளறலாம், பாறையைப் புரட்டலாம். இந்தப் பெட்டிக்கு வேறு என்ன உபயோகம் உண்டு? வழி காட்டுமா? மழை வருமென்று சொல்லுமா? வரம்பை மீறாத ஒருவனுக்கு இது சொல்லக்கூடிய செய்தி ஒன்றுமேயில்லை. அவன் காருக்குள் அது வெறும் இரைச்சல்.

கம்பியை நிரந்தரமாக இணைத்ததைத்தான் நான் அதிகம் யோசித்தேன். முன்பு சிகரெட் லைட்டர் துளையில் செருகிப் பயன்படுத்தி வந்தாராம். அப்பொழுது ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சிறு தீர்மானம் இருந்தது. இன்றைக்கு அதை எடுக்கவா, மாட்டவா என்று கை ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடியில் மனச்சாட்சி பேசவும் இடமுண்டு. இப்பொழுது அந்த இடமும் அடைக்கப்பட்டது. மீறுவதற்கான சித்தத்தை ஒரேதரம் எடுத்து, அதை வண்டியின் மின்னோட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார். சாவியைத் திருப்பும்போதெல்லாம் அவர் கேளாமலே அது விழித்துக்கொள்கிறது. பாவம் பழக்கமாவதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறேன். அது ஒரு ஃபியூஸ் பெட்டிக்குள் இருப்பதை இப்போதுதான் கண்டேன்.

"இது ஒலித்தால் நான் வேகத்தைக் குறைக்கிறேன், பாஸ்டர், அப்படியானால் பாதுகாப்புக்கு உதவுகிறது அல்லவா?" இது அவருடைய இரண்டாவது வாதம். குறைக்கிறார், உண்மை. காவலர் நிற்கும் அந்தக் கால் மைலுக்கு மட்டும். பிறகு? பள்ளிக்கூடத்தின் அருகில் "வேகக் கண்காணிப்பு உண்டு" என்று அரசாங்கமே பலகை வைப்பதற்கும் இதற்கும் பேதமுண்டு. பலகை அந்த வழியே செல்லும் எல்லாரையும் மெதுவாகச் செல்லச் சொல்கிறது. இப்பெட்டி அதை வாங்கியவரிடம் மட்டும், இப்பொழுது யாரும் பார்க்கவில்லை, போகலாம் என்று சொல்கிறது. அதன் மவுனமே அதன் உபதேசம். எஜமானின் கண் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கணக்குச் சொல்லும் இயந்திரத்தைவிடப் பவுல் கடிந்துகொண்ட அந்த ஊழியத்துக்கு ஏற்ற சின்னம் வேறென்ன இருக்க முடியும்?

வேடிக்கை ஒன்றும் உண்டு. 10.5 கிகாஹெர்ட்ஸ், 24 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகளில் காவலரின் ரேடார் மட்டும் வேலை செய்வதில்லை. கடைகளின் தானியங்கிக் கதவுகளில் சிலவும் அதே அலைகளை அனுப்புகின்றன. பக்கத்துக் காரின் குருட்டுப் புள்ளி எச்சரிப்புக் கருவியும் அப்படியே. ஆகவே ஒரு மருந்துக் கடையைத் தாண்டும்போதும் பெட்டி அலறுகிறது. சகோதரரின் கால் பிரேக்கை நாடுகிறது. நீதிமொழிகள் 28-இன் முதல் வசனத்தை வாசித்துப் பாருங்கள். துரத்துவோர் இல்லாமலே ஓட்டம் பிடிக்கிற ஒரு மனிதனைச் சாலொமோன் அங்கே காட்டுகிறார். அதோடு, விசையை அழுத்தும் கணத்தில் மட்டும் அலையை அனுப்பும் ரேடார்களும், ஒரு தனி வண்டியைக் குறிவைக்கும் லேசர் கருவிகளும் இன்று காவலர் கையில் இருக்கின்றன. அவற்றின் முன் எச்சரிக்கை ஒலி கேட்கும்போது அளவெடுப்பு முடிந்தே போயிருக்கும்.

மூன்றாவது வாதத்தை மட்டும் நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். அபராதம் என்பது பல ஊர்களில் பாதுகாப்புக்காக அன்று, கருவூலத்தை நிரப்பவே என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரைப் பற்றி அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, அந்நகரின் காவல்துறையும் நீதிமன்றமும் வருமானத்தையே குறியாகக் கொண்டு நடந்ததையும், அதன் பாரம் கறுப்பின மக்கள்மேல் மிகுதியாக விழுந்ததையும் வெளிப்படையாகக் கூறிற்று. ஆமோஸ் தீர்க்கதரிசி இருந்திருந்தால் அந்நகரத்தின் வாசலில் போய் நின்றிருப்பார். ஆனால் அங்கே அநியாயமாய் அபராதம் கட்டியவர்கள் யார்? பல நூறு டாலர் கொடுத்து இப்படியொரு கருவி வாங்க வசதியுள்ளவர்களா? அநியாயத்தை எதிர்ப்பதானால் நகர மன்றக் கூட்டத்துக்குப் போங்கள், நானும் உங்களோடு வருகிறேன். உங்கள் முன்கண்ணாடியில் ஒட்டிய பெட்டி அந்த அநியாயத்தில் ஒரு டாலரையும் குறைப்பதில்லை. உங்களை மட்டும் விடுவித்து, பாரத்தை அடுத்த வண்டிக்காரன்மேல் வைத்துவிடுகிறது.

வேகத்தைக் குறித்தும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வழக்காட்டத்தில் எல்லாரும் மறந்துபோகிறது அதைத்தான். 60 மைல் தூரத்தை 65 மைல் வேகத்தில் கடந்தால் ஏறக்குறைய 55 நிமிடம். 80 மைல் வேகத்தில் 45 நிமிடம். லாபம் 10 நிமிடம். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், அந்த 10 நிமிடத்துக்காக நம் வண்டி சுமந்து செல்லும் ஆற்றல் ஒன்றரை மடங்காகிறது. 2022-ஆம் ஆண்டில் இத்தேசத்தின் சாலைகளில் 42,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோரின் மரணத்தில் மிதமிஞ்சிய வேகத்துக்குப் பங்கிருந்தது. உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டுமென்று கர்த்தர் கட்டளையிடுகிறார். ஒருவன் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல் சுமரும். நம் தேவன் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரைக் குறித்துக் கவலைப்படுகிறவர். நெடுஞ்சாலையின் வேக வரம்பும் ஒரு கைப்பிடிச்சுவரே. அதை யார் எந்த நோக்கத்தோடு கட்டினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கையில், விழுகிறவன் விழுந்துவிடுவான்.

நான் குற்றமற்றவனாக இதை எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெபக்கூட்டத்துக்குத் தாமதமாகிவிட்டதென்று 55 மைல் சாலையில் 74-இல் போய்ப் பிடிபட்டேன். அந்தக் காவலரிடம் "நான் போதகர்" என்று சொல்ல வாய் திறந்ததும், பின்பு வெட்கப்பட்டு மூடிக்கொண்டதும் நினைவிருக்கிறது. அபராதத்தைக் கட்டினேன். ஊழிய அவசரம் என்று அன்று அதற்குப் பெயரிட்டிருந்தேன்.

சகோதரரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் எட்டு வயது மகள் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறாள்? பெட்டி ஒலிக்கிறது, அப்பா மெதுவாகப் போகிறார். பெட்டி அடங்குகிறது, அப்பா பறக்கிறார். ஞாயிறு பள்ளியில் நாம் அவளுக்கு 139-ஆம் சங்கீதத்தைக் கற்பிக்கிறோம். தேவனுடைய சமுகத்தை விட்டு ஓடி ஒளிய இடமில்லை என்று மனப்பாடம் செய்விக்கிறோம். சனிக்கிழமைதோறும் காருக்குள் வேறொரு பாடம் நடக்கிறது, அதுவும் ஒலியோடும் ஒளியோடும். இவ்விரண்டில் எது அவள் பதினேழு வயதில் ஓட்டுநர் இருக்கையில் அமரும்போது நினைவுக்கு வரும்? அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய மனைவி என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மா இதை ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

ரோமர் 13-ஐ எடுத்துக்கொண்டு அரசாங்கம் செய்வதெல்லாம் சரி என்று சாதிக்க எனக்கு மனமில்லை. நீரோவின் காலத்து ரோமாபுரிக்கு எழுதியவருக்கு அதன் கொடுமை தெரியாததல்ல. ஆனால் அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில் கீழ்ப்படிதலுக்கு இரண்டு காரணங்களை வைக்கிறார்: தண்டனைக்குப் பயந்து என்பது ஒன்று, மனச்சாட்சியினிமித்தம் என்பது மற்றொன்று. இந்தக் கருவி முதலாவது காரணத்தை அகற்றுவதாக வாக்களிக்கிறது. அதை வாங்கியவரிடம் இரண்டாவது காரணம் எஞ்சியிருந்திருந்தால், வாங்கவேண்டிய அவசியமே வந்திராது.

இனி, அறிவிப்பு. வருகிற மாதம் 14-ஆம் தேதி சனிக்கிழமை நம் வாலிபர் ஒதுக்கமான தியான முகாமுக்கு வர்ஜீனியாவுக்குப் போகிறார்கள். மூன்று கார்கள், பதிமூன்று பிள்ளைகள். அங்கே மணிக்கு 85 மைலைத் தாண்டினாலோ, வரம்புக்கு மேல் 20 மைல் போனாலோ அது வெறும் அபராதச் சீட்டு அன்று. சிறைத்தண்டனைவரை கொண்டுபோகக்கூடிய குற்றவழக்கு. வண்டி ஓட்ட முன்வந்தவர்களில் நம் சகோதரரும் ஒருவர். அவர் ஓட்டவேண்டுமென்றே நான் விரும்புகிறேன். நிதானமான கைகள் அவை. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு முன் அந்தப் பெட்டியைக் கழற்றி, ஃபியூஸ் இணைப்பானையும் உருவிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மல்டிமீட்டரையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சபை வேனின் இடப்பக்கப் பின்விளக்கு இரண்டு வாரமாக எரியவில்லை.